ஆரோக்கியம்மாள் பார்த்த போட்டி

சுடர்விழி இந்தியாவுக்காக வெளிநாடுகளில் மல்யுத்தம் செய்த காலத்தில், அவள் அம்மா ஆரோக்கியம்மாள் ஒரு போட்டியைக்கூடப் பார்த்ததில்லை. டிவியில் மகள் வந்தால் எழுந்து சர்ச்சுக்குப் போய்விடுவாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சுடர்விழி அறந்தாங்கியில் கோச்சானாள். "இனி யாரும் என்னத் தூக்கிப் போட மாட்டாங்க, வாம்மா" என்று ஒருநாள் பயிற்சிக்கூடத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு பெண் இன்னொருத்தியின் காலை வாரி மெத்தையில் போட்டாள். ஆரோக்கியம்மாள் பதறி எழுந்தாள். விழுந்தவளோ சிரித்தபடி மறுபடியும் பிடிக்கப் போனாள்.

"ஒன்னயும் இப்படித்தான் போட்டாங்களா?"

"போட்டாங்கம்மா. நானும் நெறையப் பேரப் போட்டேன்."

ஆரோக்கியம்மாள் மல்யுத்தத்தில் நசுங்கித் தடித்த மகளின் காதைத் தொட்டாள். விசேஷங்களுக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைத் தலைமுடியால் மறைத்துவிட்டவள் அவள்தான்.

"வலிச்சுச்சா?"

"ஜெயிச்சா தெரியாது. தோத்த அன்னிக்கு ரூம்ல ஒன்ன நெனச்சு அழுவேன்."

அம்மா அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிறகு, "அந்தப் போட்டி வீடியோல்லாம் வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

மாலையில் இருவரும் செல்போனில் பார்த்தார்கள். மகள் தோற்ற போட்டியைத்தான் அம்மா முதலில் போடச் சொன்னாள். மகள் விழுந்தபோது ஆரோக்கியம்மாள் கண்ணை மூடவில்லை.

"எந்திரி ஆத்தா, எந்திரி" என்றாள், திரையைப் பார்த்து.