ஞாயிற்றுக்கிழமை மருந்து

ஜெறோமுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. எம்பிலிப்பிட்டியவில் ஹார்ட்வெயார் கடையொன்றில் பெயின்ட் வாளி தூக்குகிறவன், சனிக்கிழமை எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு பஸ் ஏறினால் டொக்டராகிவிடுவான். போன மாதம் சீன மூலிகைத் தூள் ஒரு பெட்டி வாங்கி வந்தான். நாலு வயது மகள் அனோஜாவுக்கு மலச்சிக்கல். வெளிக்குப் போனால் இரத்தம் வருகிறது.

"இங்கிலீஷ் மருந்து குடல அரிச்சிரும் அக்கா. இது ஆயிரக்கணக்கான வருசத்து வைத்தியம்" என்று என்னிடம் சொன்னான். பெட்டியில் இருந்த ஓர் எழுத்தும் அவனுக்குத் தெரியாது.

பெண்சாதி ரோஷானி மட்டும் லேசுப்பட்டவளா? ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் பாணி மருந்து கொடுத்தார்கள். டொக்டர் சொன்ன அளவை விட்டுவிட்டு, பிள்ளை அழுத அளவுக்கு ஊற்றினாள்.

கடைசியில் புருஷனும் பெண்சாதியும் ஒரு வாரம் தூள், ஒரு வாரம் பாணி என்று முடிவு செய்தார்கள். பரிசோதனையாம். கரண்டியை என் கையில் கொடுத்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளை, விடியும்போதே அரைத் தூக்கத்தில் வாங்கி, சாயந்தரம்வரை பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்ப்பது நான்தான்.

"சாப்பிட்டதும் பத்து நிமிசம் கக்கூஸ்ல உக்கார வைக்கச் சொன்னாரு டொக்டர், மரியாயி அக்கா" என்று ரோஷானி போகிற போக்கில் சொன்னாள். சரியென்று தலையாட்டினேன்.

முதல் வாரம் தூள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளை வெளிக்குப் போனது. ஜெறோம் லயத்து வீடுகள் முழுக்கப் பெருமையடித்தான். அடுத்த வாரம் பாணி. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். இப்போது ரோஷானியின் முறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிற மருந்துகள், பூசைக்குப் போய் வருகின்றனவோ என்று நான் கேலி செய்தேன். இரண்டு முட்டாள்களும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைக்கு வலி குறையவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை. சோறு தின்றதும் அனோஜா சுவரோடு ஒட்டி, காலைப் பின்னிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றாள்.

"வா, வாய்க்கா பக்கம் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். அங்க அட்டை கடிக்கும். நாயித்துக்கெழம வீட்டுல போறேன்."

பகலெல்லாம் இங்கே அடக்குகிறவளுக்குச் சாயந்தரம் வீட்டில் வருவதில்லை, முழுநாளும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. மடுவத்துக்குப் பின்னால், தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த டைல்ஸ் போட்ட கக்கூஸ் எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர்கள் முன்னால் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று பூட்டியவள் நான். ஒருநாள் கதவைத் தள்ளிப் பார்த்த அனோஜாவின் கையில் அடித்தவளும் நான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அந்த இரண்டு பேரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, "உள்ள போ கண்ணு" என்றேன்.

அனோஜா வாசலிலேயே நின்றாள். பளபளக்கும் தரையைப் பார்த்தாள். பிறகு பயந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"வெளிநாட்டு ஆளுங்க வந்துட்டாங்களா டீச்சர்?"