நாலு தறியும் நின்ற மத்தியானம்

இருபத்து நாலு விசைத்தறிகள் ஒரே கூடத்தில் அடிக்கும்போது பேச்சு எடுபடாது. ஆட்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். கட்டைவிரலை வாய்க்கு நேரே கவிழ்த்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். சுண்டுவிரலை உயர்த்தினால் வெளியே போய்வர வேண்டும். இந்த இரண்டு சைகைகளையும் நல்லக்கண்ணு பதினைந்து வருஷமாகக் காட்டியதே இல்லை.

சங்கரன்கோவிலில் அப்போது தறிக்காரர்களுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. எட்டு மணிக்கு ஏறினால் எட்டு மணிக்கு இறங்க வேண்டும். ஆளுக்கு நாலு தறி. ஒருவர் வெளியே போனால் நாலையும் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஓடவிட்டுப் போனால் குறுக்கே ஓடும் ஊடுநூல் அறுந்தது தெரியாமல் துணியில் விரற்கடை அகலத்துக்குச் சந்து விழுந்துவிடும். அதனால் எல்லோருமே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்கள். நல்லக்கண்ணு அறவே விட்டுவிட்டார். தண்ணீர் குடித்தால் தூக்கம் வரும் என்பது அவர் கட்சி. ராத்திரி வாரத்தில் கடுங்காப்பியும் இரண்டு தலைவலி மாத்திரையும் போதும். கூடத்தில் அவருக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர். அதில் அவருக்குப் பெருமைதான்.

பக்கத்து நாலு தறி தங்கப்பழத்தினுடையது. இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. 1981இல் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், வேலைமாற்றும் நேரத்தில் இரண்டு ஷிப்ட் ஆட்களும் வாசலில் நிற்கும்போது தங்கப்பழம் சொன்னான்:

“அண்ணாச்சி ஒருத்தர்தான் ஒட்டகமா? நானும் நிப்பேன் பாரும். ஆயுத பூசை வரைக்கும் யாரு முதல்ல சுண்டுவிரலத் தூக்குதோமோ, அவன் தோத்தவன்.”

“தோத்தா என்னவே செய்வீரு?”

“உம்ம நாலு தறியையும் பூசைக்கு நான் தொடச்சு விடுதேன். முட்டி போட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆயுத பூசைக்கு அவரவர் தறியை அவரவர்தான் துடைக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வருஷம் முழுக்க அடியில் அடைந்த பஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அடுத்தவன் தறியில் வழித்தெடுப்பதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

ஆவணி கழிந்தது. இருவரும் தோற்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் நல்லக்கண்ணுவின் மனைவி பிச்சம்மாள், அவர் காலில் செருப்பு வார் பதிந்த தடம் மறுநாள் காலை வரை அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அவர் சொன்ன சமாதானம் எதையும் அவள் கேட்கவில்லை. ஞாயிறு ராத்திரி முறை முடிந்ததும் திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற்றிவிட்டாள், தானும் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் ஒரு அம்மாள். கைப்பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தவர், பட்டையைக் கழற்றாமல் இன்னொரு முறை பார்த்தார். ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் எழுதிக்கொடுத்தார். சாயந்திரம் தாள்கள் வந்த பிறகு வேலையைப் பற்றி விசாரித்தார்.

“பன்னெண்டு மணிநேரத்துல எத்தனை தடவை வெளியே போவீங்க?”

“போகவே மாட்டாரும்மா” என்றாள் பிச்சம்மாள், பெருமையாக. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அதட்டவில்லை. “ராத்திரி தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். இருதயத்துக்கு அதுதான் ஓய்வு. வாரத்துக்கு வாரம் மாத்தி மாத்தி முழிச்சதுல உங்க உடம்புக்கு எப்ப இறங்கணும்னு தெரியல. தண்ணியும் இல்ல, தலைவலி மாத்திரையும் சேர்ந்திருக்கு. இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்ல மாட்டேன். எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கு. அது கெட்டதால பிரஷர் இன்னும் ஏறுது. நடுவுல நெஞ்சு அடிபடுது.”

“இனிமே நெறய தண்ணி குடிக்கேன்மா.”

“இல்ல. சிறுநீரகம் கெடாதவங்கதான் நெறய குடிக்கணும். உங்களுக்கு இனி நான் சொல்ற அளவுதான். ராத்திரி வேலை கூடாது. நீர் இறங்க மாத்திரை தர்றேன். அடிக்கடி வெளியே போக வேண்டி வரும்.”

பஸ்ஸில் திரும்பும்போது மானூர் தாண்டியதும் அவர் மாத்திரைப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். ஆயுத பூசைக்கு ஒன்பது நாள்.

“மாத்திரையப் பூசைக்குப் பொறவு போட்டா என்ன?”

பிச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். “பந்தயத்துக்கா?”

அவர் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை பகல் முறை. மாத்திரை சட்டைப்பையிலேயே இருந்தது. எட்டு மணிக்குத் தறியை ஓட்டிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே தங்கப்பழம். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவன் முகமாக இல்லை. கண்ணிமை இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன. நேற்று டாக்டர் நல்லக்கண்ணுவின் இமையிலும் இதே உப்பலைத்தான் தொட்டுப் பார்த்தார்.

மத்தியானச் சோற்றுக்குக் கூடம் அரைமணி நேரம் நின்றபோது நல்லக்கண்ணு அவன் அருகில் போய் உட்கார்ந்தார்.

“வே, கண்ணு எத்தன நாளா இப்படி இருக்கு?”

“தூக்கமில்ல அண்ணாச்சி. போன வாரம் ராத்திரில்லா.”

“தண்ணி குடியும். நேத்து டாக்டரம்மா சொன்னா...”

தங்கப்பழம் சோற்றுக் கையோடு சிரித்தான். “ஒட்டகத்துக்கு முட்டிக்கிட்டு வந்திருச்சு போல! நம்மளக் குடிக்க வச்சு, நம்மள ஓட வச்சு, தறியத் தொடைக்க வச்சிரலாம்னு பாக்கீரு. எட்டு நாளு இருக்கு அண்ணாச்சி. பொறுத்துக்கிடும்.”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். சந்தேகப்பட அவனுக்கு நியாயம் இருந்தது. ஜெயிக்க வேண்டியவன் சொல்லும் புத்திமதியை யார் கேட்பார்கள்?

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நல்லக்கண்ணு சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, முதல் தறியின் கைப்பிடியைத் தள்ளினார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. நாலாவதும் நின்றபோது கூடத்தின் அந்த மூலையில் சத்தம் குறைந்தது எல்லோருக்கும் காதில் உறைத்தது. தலைகள் திரும்பின. நல்லக்கண்ணு தங்கப்பழத்தைப் பார்த்து, எல்லோருக்கும் தெரியும்படி, சுண்டுவிரலை உயர்த்தினார்.

அவர் வெளியே போய்த் திரும்பி வரும்வரை தங்கப்பழம் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். வந்தவர் தன் தறிக்குப் போகவில்லை. அவன் முன்னால் வந்து, கைலியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, அங்கே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் பதிந்ததுபோலக் குழி நின்றது. அவன் தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா நாற்பது ஐம்பது முறை போய்வந்திருக்கும். குழி தூரவில்லை. அவர் விரலை நீட்டி அவன் காலைக் காட்டினார்.

தங்கப்பழத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து தன் காலை அழுத்தினான். சின்னக் குழிதான். மெள்ள மெள்ள நிரம்பியது. ஆனால் குழி விழுந்தது. அவன் நிமிர்ந்து, தன் நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான்.

எட்டுத் தறிகள் நின்றதும் முதலாளி சங்கரசுப்பிரமணியன் அறையிலிருந்து வந்துவிட்டார். நல்லக்கண்ணு எதையும் மறைக்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

முதலாளி கெட்டவர் அல்ல. ஆனாலும் முதலாளி. “ராத்திரி ஏற முடியாதுன்னா மாத்து ஆளுக்கு நான் எங்கன போவேன்? தறிய எப்படிவே உம்மகிட்ட விடுதது?”

“தறி வேண்டாம் முதலாளி. தார் சுத்துதேன். பகல்ல மட்டும்.”

தறிக்குரிய ஊடுநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது அந்தக் கூடத்தில் பெண்கள் செய்யும் வேலை. பதினைந்து வருஷத் தறிக்காரர் தன் வாயால் அதைக் கேட்டபோது முதலாளி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நல்லக்கண்ணு மண்ணெண்ணெய்ச் சட்டியும் பிரஷ்ஷுமாக வந்து தங்கப்பழத்தின் முதல் தறிக்கு அடியில் முட்டி போட்டார். தங்கப்பழம் அந்த வாரமே பாளையங்கோட்டைக்குப் போய்வந்திருந்தான். அவனுக்கு ஆரம்பம்தான், திருத்திவிடலாம் என்றிருந்தார் அந்த அம்மாள். அவன் பதறிப் போய் பிரஷ்ஷைப் பிடுங்கினான்.

“எந்திரியும் அண்ணாச்சி! வெளயாட்டுக்குப் போட்ட பந்தயம்.”

“வெளயாட்டா இருந்தா நீரு அன்னைக்குத் தண்ணி குடிச்சிருப்பீருல்லா? பிரஷ்ஷக் குடும்வே. தோத்தா தோத்ததுதான்.”

நாலு தறியையும் துடைத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை எழுந்து வெளியே போய்வந்தார். யாரும் கைதட்டவில்லை.

பூசை கழிந்து கூடம் ஓடத் தொடங்கிய நாளில், நல்லக்கண்ணு தார்ப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தறி தறியாக வந்தார். இன்னொரு கையில் தூக்குவாளி நிறையத் தண்ணீர். முதல் தறிக்காரர் தாருக்குக் கை நீட்டினார். நல்லக்கண்ணு தாரைக் கொடுக்கவில்லை, டம்ளரை நீட்டினார். தறிக்காரர் குடித்த பிறகு, நல்லக்கண்ணு வாசல் பக்கம் தலையை ஆட்டிவிட்டு, அவருடைய நாலு தறிக்கும் நடுவில் தானே போய் நின்றுகொண்டார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷத்தில் ஆள் திரும்பி வந்தார். துணியில் சந்து விழவில்லை. முதலாளி அறை வாசலில் நின்று பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

இப்படி ஆறு தறிக்காரர்கள். கடைசியாகத் தங்கப்பழம். அவன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மூன்றாவதை நிரப்பி அவரிடமே நீட்டினான்.

நல்லக்கண்ணு ஆள்காட்டி விரலால் டம்ளரின் பாதியைத் தொட்டுக் காட்டினார். மீதியை அவன் வாளியில் ஊற்றினான். அந்த அரை டம்ளரை அவர் நின்றபடி, அவசரமில்லாமல் குடித்தார்.