இளைத்த முயல்

பாரிக் அச்சின் இரு பாதிகளையும் பிரித்து விளக்கை வெளியே எடுத்தான். காலையிலிருந்து இது அறுபதாவது. ஈரக் களிமண்ணின் மேல் புடைப்புப் படமாக முயல் ஒன்று காதுகளை மடித்துக்கொண்டு ஓடியது. விளக்கைக் கவிழ்த்தான். அடியில் இத்திபால் என்ற பெயர். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

இத்திபால் பட்டறையின் அச்சு வெட்டுகிறவன். பாரிக்கைவிடப் பத்து வயது சின்னவன். வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து மாதத்துக்கு ஓர் அச்சு செதுக்குவான். கார்த்தேஜ் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் அவன் பெயரைச் சொல்லித்தான் விளக்கு கேட்டார்கள். இருபது வருடமாகக் களிமண்ணை அழுத்தும் பாரிக்கை யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, காதுகிட்ட கொஞ்சம் அழுத்திப் புடிங்க. மழுங்கிடுது," என்றான் இத்திபால், திரும்பாமலே.

"சரிங்க எசமான்," என்றான் பாரிக்.

வீட்டில் மனைவி அரிசாத்தும் விடவில்லை. "எண்ணெய்க் கடையில அவன் பொண்டாட்டிக்கு வழி விடுறாங்க. என்னை ஓரமா நில்லுங்கறாங்க. நீயும் ஒரு அச்சு வெட்டேன், கை இல்லையா?"

"கை இருக்குடி. அழுத்தி அழுத்தி விரல்தான் மரத்துப்போச்சு."

மூன்று முறை வெட்டிப் பார்த்தான். முயல் கழுதையாக வந்தது. கடைசியில் சுட்ட முயல் விளக்கு ஒன்றை மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். சுதையைக் குழைத்து மேலும் கீழுமாக அப்பி அச்செடுத்தான். அச்சில் விழுந்திருந்த பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைக் கீறினான். அன்று அவனுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அந்த அச்சில் அழுத்திய விளக்கை மற்றவற்றோடு சூளையில் வைத்தான். சூளை பிரித்த அன்று முதலாளி கெல்லியுஸ் வந்திருந்தார். பாரிக் அதை அவர் முன் நீட்டினான்.

"இது என் அச்சுங்கய்யா."

இத்திபால் அதை வாங்கித் தன் விளக்கின் பக்கத்தில் வைத்தான். அதே முயல். வெட்டும்போது கத்தி வழுக்கி வயிற்றில் விழுந்த கீறலும் அப்படியே இருந்தது. ஆனால் விளக்கு முழுவதும் ஒரு சுற்றுச் சிறியது. களிமண் காயும்போது சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். சுட்ட விளக்கில் அச்செடுத்தால் இன்னொரு தடவை சுருங்கும். ஒரு வாரம் வேலை பார்த்தவனுக்கும் அது தெரியும். பொறாமையில் பாரிக்குக்கு மறந்துபோனது.

"ஏண்ணே, என் முயலை வீட்ல பட்டினி போட்டீங்களா? இப்படி இளைச்சிருக்கே!"

பட்டறையே சிரித்தது. பாரிக்குக்கு அந்தச் சூளைக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கெல்லியுஸ் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டையும் இரு கைகளில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"மண்ணு கம்மி. சூளையில நிறைய அடுக்கலாம். வாங்குறவன் படத்தைத்தானே பாப்பான்? ஏன்டா, இப்படி எடுக்க அச்சு வெட்டுறவன் வேணுமா?"

எல்லோரும் பாரிக்கைப் பார்த்தார்கள். அவன் இத்திபாலைப் பார்த்தான்.

"வேணாங்கய்யா. ஒரு விளக்கு இருந்தா போதும்."

மறுநாள் இத்திபால் தன் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வேலையை விட்டுப் போனான். ஜன்னலோரம் தனக்குத்தான் என்று பாரிக் நினைத்திருந்தான். அங்கே முதலாளி புதுச் சுதை அச்சுகளை அடுக்கச் சொன்னார். அடியில் எல்லாவற்றிலும் கெல்லியுஸ் என்று கீறியிருந்தது.

"சின்ன விளக்குதானே, மத்தியானத்துக்குள்ள எண்பது முடிச்சிடு," என்றார். கூலி கூடவில்லை.

மழைக்காலம் வந்தபோது விளக்கிலிருந்து அச்சும், அந்த அச்சின் விளக்கிலிருந்து இன்னோர் அச்சுமாகப் பல தடவை எடுத்திருந்தார்கள். பாரிக் களிமண்ணை வைத்து, பழக்கத்தில் காது இருக்கும் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினான். அச்சைப் பிரித்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் விளக்கு. அதன்மேல் காதும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் ஏதோ ஒன்று ஓடியது.