மருந்துச் சீட்டின் பின்பக்கம்

குந்தளா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். முட்டை கொடுத்தால் கையெழுத்து, சத்துமாவு கொடுத்தால் கையெழுத்து, எழுதத் தெரியாத தாய்மார் என்றால் கைநாட்டு. பதினாறு வருஷப் பழக்கம். அதனால்தான் கண்டிபடா காவல் நிலைய வாசலில் நின்று, உள்ளே இருந்த புருஷனுக்கு மூச்சிரைப்பு மருந்தை நீட்டியபோதும், "வாங்கிக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு தம்பி" என்று கேட்டாள். கான்ஸ்டபிள் பாபுலியின் வாயில் பான். சிரித்துக்கொண்டே மருந்துக் கடைச் சீட்டைத் திருப்பி, 'நிராகருக்கு மருந்து பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, பேர், தேதி, மணி எல்லாம் போட்டுக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் நிராகர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

யாரோ ஒருவரின் இறால் குட்டையில் தண்ணீர் மோட்டார் திருடு போயிருந்தது. நிராகர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த மோட்டார் அவன் வண்டியில் போயிருக்கலாம் என்று கேள்வி கேட்கக் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. பிறகு நிலையத்தார் சொன்னது வேறு. அவனை நாங்கள் கூட்டி வரவே இல்லை, குடித்துவிட்டு ஆட்டோவிலிருந்து விழுந்தான் என்றார்கள். நிராகர் குடிக்கமாட்டான் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்குத் தெரிந்து என்ன செய்ய? காகிதத்தில் அவன் குடிகாரன்.

குந்தளாவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவன் அங்கே இருந்தான் என்று ஏதாவதொரு அரசாங்கக் காகிதம் சொல்லவேண்டும். அதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சீட்டு. அதை எங்கே வைத்திருந்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள் கண்ணுகளா, நான் அடுத்த வீட்டுக்காரி, எனக்கே அவள் சொன்னதில்லை.

கோர்ட் வாசலில் மனு தட்டிக் கொடுக்கிற பன்சிதர்தான் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். பதினைந்தாம் நாள் ஒரு எண் வந்தது. எண் மட்டும். ஆணையத்தில் தலைவர் நாற்காலி காலி, உறுப்பினர் நாற்காலிகளும் காலி. காகிதத்தை வாங்கி எண் போட ஆள் இருந்தது, படித்து முடிவு சொல்ல ஆள் இல்லை. பத்து மாதம் கழித்து ஒரு நாள் பன்சிதர் செய்தித்தாளைத் தூக்கிக் காட்டினார்.

"குந்தளா, உன் நல்ல காலம். தலைவர் போட்டாச்சு. ரிட்டயர்டு ஹைகோர்ட் ஜட்ஜு."

"யாரு போட்டா?"

"கவர்னர் கையெழுத்துப் போட்டாரு."

"அவரா தேடிக் கண்டுபிடிச்சாரு? பேரைக் குடுத்தது யாரு பன்சிபாய்?"

பன்சிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு பேரு கமிட்டி. முதல் மந்திரி, சபாநாயகர், உள்துறை மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர்."

"உள்துறைன்னா போலீஸு."

"ஆமா."

"போலீஸ் மந்திரி உட்கார்ந்து பொறுக்கி எடுத்த ஆளு, போலீஸ் மேல நான் குடுத்த மனுவப் பாக்கப் போறாரு. நல்லா இருக்கு!"

"எதிர்க்கட்சித் தலைவர் ஒத்துக்கலியாம். வேற பேரைச் சொல்லி எழுதி வச்சுட்டு வந்தாராம்."

"மத்த மூணு பேரு?"

"சரின்னுட்டாங்க. ஆனா ஒண்ணு கேளு. போட்டது இவங்கன்னாலும் இவங்களால அவரை இறக்க முடியாது. டெல்லியில ஜனாதிபதிதான் இறக்கணும். அதுவும் சுப்ரீம் கோர்ட்டு விசாரிச்சுச் சொன்ன பொறகு. அவருக்கு என்ன பயம்?"

குந்தளா யோசித்தாள். "பயம் இருக்காது. நன்றி இருக்குமே?"

பன்சிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, இன்னும் தட்டப்படாத யாருடைய மனுவையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே ஆணையத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். மார்கசிர மாதத்து வியாழக்கிழமை அது, வீட்டுக்கு வீடு லட்சுமி பூஜை நாள். வாசலிலிருந்து உள்வரை அரிசி மாவில் லட்சுமியின் பாதங்கள் இன்னும் ஈரம் காயாமல் இருந்தன. வந்தவர் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் ஷூவைப் பார்த்ததும் நாத்தனார் ஜெமாமணி உள்ளே ஓடிவந்து குந்தளாவின் தோளைப் பிடித்தாள்.

"ஏ குந்தளா, போலீஸுடி! கன்னத்துல மச்சம் பாரு. ஆறு வருஷத்துக்கு முந்தி நம்ம கண்டிபடா ஸ்டேஷன்ல இருந்தானே சாமல் இன்ஸ்பெக்டரு, அவனேதான்."

"ஆணையத்து ஆளுன்னு சொல்றாரே அக்கா."

"ஆணையம் அட்டையைக் குடுத்திருக்கும். ஆளு போலீஸு."

உண்மை அதுதான். ஆணையத்துக்கென்று தனியாக விசாரணை ஆட்கள் கிடையாது. போலீஸிலிருந்தே இரவலாகச் சிலரை அரசாங்கம் அனுப்பி வைக்கும். இஷ்டப்பட்டபோது திருப்பி அழைத்துக்கொள்ளும். தலைவரை இறக்குவதற்கு டெல்லி வரை போகவேண்டும், இவரை இறக்க ஒரு தொலைபேசி போதும். சாமல் அதை மறைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரே சொல்லிவிட்டார்.

"நான் டிஎஸ்பி லோகநாத் சாமல். இப்போ ஆணையத்துல இருக்கேன். முன்னாடி இந்த ஸ்டேஷன்லயும் இருந்திருக்கேன்மா, யாராவது சொல்லியிருப்பாங்க."

"இப்பதான் சொன்னாங்க" என்றாள் குந்தளா.

ஜெமாமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், என்ன சட்டை போட்டிருந்தான், எப்போது இறக்கிவிட்டார்கள். நிதானமாக எழுதினார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "மனுவுல ஒரு சீட்டுன்னு எழுதியிருக்கீங்களே. அசலைக் குடுங்க, ரசீது தரேன்" என்றார்.

குந்தளாவுக்குப் புரிந்துவிட்டது. இதற்குத்தான் வந்திருக்கிறான். வாங்கிக்கொண்டு போவான். வழியில் எங்கேயோ காணாமல் போகும். ரசீது இருக்கும், சீட்டு இருக்காது. அவன் மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நேரத்தில் வாசல் கோலம்தான் கைகொடுத்தது.

"இன்னைக்கு வீட்டுல லட்சுமி இருக்கா. இன்னைக்கு இந்த வீட்டுலேருந்து எதுவும் வெளிய போகாது."

"காகிதம்தானேம்மா."

"பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பிடி உப்புகூட நான் குடுக்கல. உங்க வீட்டுல குடுப்பாங்களா?"

சாமல் லேசாகச் சிரித்தார். "எங்க வீட்டுல இன்னைக்கு எனக்கே பான் வாங்கக் காசு குடுக்கல. சரி, செல்போன்ல ஒரு படம் எடுத்துக்கவா?"

"படமும் வெளியதானே போகும்?"

"அதுவும் சரி. நாளைக்கு வரேன்."

அவர் எழுந்து, மாவுப் பாதங்களை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து வெளியே போனார். வாதாடவில்லை, மிரட்டவில்லை. எனக்குக்கூட அது நல்ல மனுஷனின் நடை என்றுதான் தோன்றியது. குந்தளாவுக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு லேசாக விட்டுப்போகிற போலீஸ்காரனை அவள் பார்த்ததில்லை.

அவள் நினைத்தது சரி என்பதுபோல அன்று சாயங்காலமே பாபுலி வந்தான். தனியாக, சீருடை இல்லாமல். வாசலிலேயே நின்றான்.

"பாவுஜ, அந்தச் சீட்டை எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. நான் அடிக்கலை. மருந்தை உள்ள கொண்டுபோய்க் குடுத்தவன் நான்."

அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல அவன் பாவுஜ என்று கூப்பிட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உனக்கு யாரு சொன்னா எங்கிட்ட அது இருக்குன்னு?"

"உங்க மனுவோட நகல் ஸ்டேஷனுக்கு வந்து எட்டு மாசமாச்சு. தலைவர் இல்லாதப்பவே ஆணையத்து ஆபீஸ்லேருந்து எங்க கிட்டயே அறிக்கை கேட்டு அனுப்பிட்டாங்க. எல்லாரும் படிச்சாச்சு."

குந்தளா கதவைப் பிடித்துக்கொண்டாள். சீட்டு இருக்கிறது என்று எழுதிக்கொடுத்ததே, யாரிடம் மறைக்கவேண்டுமோ அவர்கள் மேசையில் எட்டு மாதமாகக் கிடந்திருக்கிறது.

"எட்டு மாசமா வராதவன் இன்னைக்கு ஏன் வந்தே?"

பாபுலி தரையைப் பார்த்தான்.

"சாமல் வந்துட்டுப் போனாரு, சீட்டு இன்னும் இங்கதான் இருக்குன்னு உனக்கு யாரோ சொல்லியிருக்காங்க. யாரு?"

"அதெல்லாம் கேக்காதீங்க."

"அப்போ நீயும் கேக்காத. போ."

மறுநாள் காலையில் சாமல் வந்தபோது குந்தளா தயாராக இருந்தாள். சீட்டு அவள் இரண்டு கைகளுக்குள் இருந்தது.

"தரமாட்டேன். ஆணையத்துல, தலைவர் மேசையில நானே வைப்பேன். இப்போ பாத்துக்குங்க. தொடக்கூடாது."

டிஎஸ்பியிடம் தொடக்கூடாது என்று யாராவது சொல்வார்களா? சாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். ஒரு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அதைப்போல நாலு மடங்கு நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"நேத்து சாயங்காலம் பாபுலி வந்தான்" என்றாள் குந்தளா, அவர் கண்ணை விடாமல். "நீங்க வந்துபோன விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போன கார் இந்த ஊரு கார்மா. டிரைவரும் இந்த ஊருதான்."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அறிக்கையில என்ன எழுதுவீங்க?"

"அது ஆணையத்துக்குத்தான் போகும். உங்ககிட்டச் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் போயிற்று. 'அப்படிப்பட்ட சீட்டு எதுவும் காட்டப்படவில்லை' என்று எழுதியிருப்பான் என்பதில் குந்தளாவுக்குச் சந்தேகமே இல்லை. பன்சிதரைக் கூட்டிக்கொண்டு விசாரணை நாளில் மாநிலத் தலைநகருக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் பொரியும் வேர்க்கடலையும் மடியிலேயே இருந்தன, ஒரு வாய் போடவில்லை.

விசாரணை அறை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பு அளவுதான். மேடையில் மூன்று நாற்காலிகள், அதில் ஒன்று இன்னும் காலி. தலைவர் வெந்நீர் குடித்துக்கொண்டே இருந்தார். தூங்குகிறாரோ என்று நினைக்கும்படி கண் பாதி மூடியிருந்தது. போலீஸ் தரப்பில் வந்த அதிகாரி எழுந்து, அப்படி ஒரு சீட்டு இருந்தால் அது போலி, மனுதாரரே யாரையாவது வைத்து எழுதியிருப்பார் என்றார். அவருக்குப் பின்னால் கண்டிபடா இன்ஸ்பெக்டர் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். சாமல் சுவரோரம் நின்றார். குந்தளாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விசாரணை அதிகாரி அறிக்கை" என்றார் தலைவர்.

செயலர் படித்தார். முதல் இரண்டு பக்கமும் தேதிகள். பிறகு இது வந்தது:

'சீட்டின் அசலை மனுதாரர் கையில் வைத்திருக்க நான் என் கண்ணால் பார்த்தேன். கண்டிபடா நிலையத்தில் நான் பொறுப்பில் இருந்த இரண்டு வருடமும் கான்ஸ்டபிள் பாபுலி நாயக் எழுதிய பதிவுகளைத் தினமும் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். சீட்டில் இருப்பது அவருடைய எழுத்து என்பதில் எனக்கு ஐயமில்லை.'

கண்டிபடா இன்ஸ்பெக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். எதை வைத்து குந்தளா அந்த மனிதரைத் திருடனாகப் பார்த்தாளோ, அதை வைத்துத்தான் அவரால் அப்படி எழுத முடிந்தது. வேறெந்த அதிகாரி வந்திருந்தாலும் 'ஒரு சீட்டு காட்டப்பட்டது' என்றுதான் எழுதியிருப்பார்.

"சீட்டு எங்கேம்மா?" என்றார் தலைவர். கண் இப்போது முழுசாகத் திறந்திருந்தது.

குந்தளா எழுந்து போய் மேசைமேல் வைத்தாள். வைத்தவள் விரலை எடுக்கவில்லை. போலீஸ் மந்திரி பொறுக்கிய ஆள். இந்த விரலை எடுத்தால் அப்புறம் அவளிடம் ஒன்றுமில்லை.

"விரலை எடும்மா. எழுத்து தெரியல."

பின்னாலிருந்து பன்சிதர் இருமினார். குந்தளா தலைவர் முகத்தைப் பார்த்தாள், செயலரைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

வெளியே நடையில் சாமல் எதிரே வந்தார். அவள் கைகூப்பப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவளைத் தாண்டுவதுபோலப் போனார். அவருக்குப் பின்னால் இரண்டடியில் கண்டிபடா இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் ஆணை வந்தது. பன்சிதர் தன் கடையில் வைத்து அதைப் படித்தார். 'நிராகர் இரண்டு நாட்கள் கண்டிபடா காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தார் என்று இந்த ஆணையம் காண்கிறது. அவர் மது அருந்தியிருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை.' குந்தளா அந்த இரண்டு வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடியும். நாலாவது தடவை பன்சிதர் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கீழ என்னவோ எழுதியிருக்கே?"

"ஸ்டேஷன் ஆளுங்க ரெண்டு பேர் மேல வழக்குப் போடணும்னு அரசாங்கத்துக்குப் பரிந்துரை. பரிந்துரைதான் குந்தளா. கட்டளை இல்லை."

"அரசாங்கம்னா அந்தக் காகிதத்தை யாரு பிரிப்பா?"

"உள்துறை."

"பிரிச்சு?"

பன்சிதர் தயங்கினார். "கருத்து கேட்டுக் கீழ அனுப்புவாங்க. மாவட்டத்துக்கு. அங்கேருந்து…"

"கண்டிபடாவுக்கு."

"அப்படித்தான் வழக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு சேதி. சாமலைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. மலைப்பக்கம் எங்கேயோ போலீஸ் பயிற்சிப் பள்ளியாம்."

"தண்டனையா? இல்ல அவரு தவணை முடிஞ்சுதா?"

"தெரியல."

"நம்மகிட்ட நல்லவரு மாதிரி ஒரு அறிக்கை, அவங்ககிட்ட வேற ஏதாவது ஒரு பேச்சு, அப்படியும் இருக்கலாம் இல்ல?"

"உனக்கு யாரையும் நம்ப வராதா?"

குந்தளா ஆணையை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தட்டுங்க பன்சிபாய். உள்துறைக்கு. கருத்துக் கேக்க அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பாதீங்கன்னு முதல் வரியிலயே போடுங்க."

பன்சிதர் தட்ட ஆரம்பித்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு எழுத்தாக.