முதல் தடவை மட்டும் தயங்கும்

1
இந்தக் கதை எனக்குத் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ப்ரியம்வதா புரோகிராம் எழுதுகிறவள். தொண்டை ஆபரேஷனில் குரல் போன டோமினிக் என்பவருக்காக, டைப் செய்ததைப் பேசும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். மோட்டார் போட வந்தவள் அதைச் சொன்னதும், எனக்கு எழுதியே தீரவேண்டும் என்றாகிவிட்டது.

2
'காவிரியில் தண்ணீர் வந்த அன்று டோமினிக்கின் குரல்...' (வேண்டாம். காவிரியை வைத்து எத்தனை பேர்தான் ஆரம்பிப்பது?)

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னொரு ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்டார். டோமினிக் போனில் 'வேண்டாம்' என்று டைப் செய்தார். போன் பேசுவதற்குள் அவர் மனைவி லூர்துராணி, "செஞ்சிடலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

சரி, இதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

3
[கொஞ்சம் விளக்கம். தாண்டிப் போய்விடாதீர்கள்.] போனுக்குப் புரிவது இயந்திர மொழி மட்டும்தான். ப்ரியம்வதா எடுத்துக்கொண்ட ஜிட் கம்பைலர் லைப்ரரி, ஒரு சொல் தேவைப்படும் அந்த நொடியில்தான் அதை ஒலிக்கவைக்கும் இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும். உருவாக்கியதை வைத்துக்கொள்ளும்.

"மொதல் தடவை மட்டும் தயங்கும் சார். அப்புறம் டக்குனு வந்துடும்," என்றாள். எனக்குப் பேனா இரண்டாம் தடவையும் தயங்கும்.

அந்த இடைவெளியில்தான் லூர்துராணி புகுந்துவிடுகிறார். அதனால் டோமினிக் அன்றாடம் சொல்லும் சொற்களை வீட்டாரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிவைத்தாள்: சாப்பிட்டாச்சு, காபி, இங்க பாரு, வேண்டாம். அடுத்த முறை, தேதி குறிக்கும் முன் டாக்டர் மறுபடி கேட்டபோது 'வேண்டாம்' பளிச்சென்று வந்தது. இந்தத் தடவை லூர்துராணியால் முந்த முடியவில்லை.

4
லூர்துராணி எனக்குப் பிடிபடவில்லை. 'அடங்காப்பிடாரி' என்று எழுதி அடித்தேன். அந்த அம்மாளுக்குப் பயம். ஆபரேஷன் இல்லாவிட்டால் கணவரை இழந்துவிடுவோமோ என்கிற பயம். (இது ப்ரியம்வதா சொன்னதல்ல, என் ஊகம். ஆனால் நம்புகிறேன்.)

5
டாக்டரிடமிருந்து இருவரும் நேரே காந்தி மார்க்கெட் போனார்கள். லூர்துராணி கணவரை விட்டுவிட்டு விடுவிடுவென்று கூட்டத்துக்குள் நடந்தார். டோமினிக் போனைத் தூக்கிப் பிடித்து 'இங்க பாரு'வைத் தட்டினார். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், லூர்துராணியைத் தவிர.

கல்யாணமானதிலிருந்து டோமினிக் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வீட்டில் 'இங்க பாரு'தான் பேர். ப்ரியம்வதாவுக்குச் சொற்களைக் கொடுத்தபோது லூர்துராணி என்ற பேர் விட்டுப்போனதாக யாருக்கும் தோன்றவும் இல்லை, லூர்துராணிக்கும்கூட.

டோமினிக் எழுத்துக்கூட்டி அந்தப் பேரை டைப் செய்து அழுத்தினார். போன் தயங்கியது.

6
முடிவு அ: பேர் கேட்டது, லூர்துராணி கண்ணீரோடு... (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: போன் பேசுவதற்குள் அவர் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பின்னால்... (இதை எழுத மனம் வரவில்லை.)

ப்ரியம்வதாவிடம் கேட்டேன். "அதுக்கு மேல டோமினிக் அங்கிள் சொல்லலை சார்," என்றாள்.

பேர் இன்னும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். லூர்துராணி உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். தக்காளி எங்கே நன்றாக இருக்கிறது என்று ஏதாவது கேட்டு, அவரைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.