தண்ணீர் கலந்த சுண்ணாம்பு

எல்டர்ஹாம் கிறிஸ்தவக் கோயிலில், சுவரில் தீட்டிய நரகத்துக்கு நேர் கீழே யாரும் உட்கார மாட்டார்கள். அவிஸ் மட்டும் உட்காருவாள். மேலேயே இடம் பிடித்துவிட்டவளுக்குக் கீழே உட்கார என்ன பயம் என்று ஊர் சொல்லும், அவள் காதில் விழும்படியாகவே சொல்லும்.

அந்த ஊருக்கு ஆட்டு ரோமத்தில் காசு கொழித்த காலம் ஒன்று இருந்தது. அப்போதுதான் பீடத்தை மறைத்துக்கொண்டு நின்ற பழைய குறுகல் வளைவை இடித்துவிட்டு, வைக்கோல் வண்டி நுழைகிற அகலத்துக்குப் புது வளைவு எழுப்பினார்கள். கோபுரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லால் உயர்த்தினார்கள். கூரை உத்தரங்களில் மரத் தேவதூதர்களைச் சிறகு விரித்து நிறுத்தினார்கள். ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம் போன்ற தடிமனில் இருந்த வடக்குச் சுவரை மட்டும் இடிக்க முடியாமல் அப்படியே விட்டார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் வளைவுக்கு மேலே பெரிய சுவர் மொட்டையாக நின்றது. அதில் இறுதித் தீர்ப்பை வரைய பியர்ஸ் என்ற ஓவியனை வரவழைத்தான் கோயில் நிர்வாகி ஹம்ஃப்ரி டன்னெல்.

பியர்ஸ் தங்கியது அவிஸின் கள்ளுக்கடையில்தான். அவள் புருஷனை இழந்தவள். பார்லிக் கள் காய்ச்சி, கடைக்கு அடையாளமாக வாசலில் கம்பு நட்டு அதில் பசுந்தழை கட்டி, மகள் செசிலியை வளர்த்து வந்தாள். அந்தக் கடைதான் ஹம்ஃப்ரியின் கண்ணை உறுத்தியது.

பெந்தெகொஸ்தே திருநாளுக்குக் கோயிலே கள் காய்ச்சி விற்கும். வருகிற காசில் கூரைக்கு ஈயம் போடுவார்கள். அந்த வாரம் ஊரில் வேறு யாரும் கடை திறக்கக் கூடாது என்பது வழக்கம். அந்த வருஷம் காய்ச்சும் பொறுப்பை ஹம்ஃப்ரி தானே எடுத்துக்கொண்டான். வாயில் வைக்க முடியவில்லை. குடித்தவர்கள் துப்பிவிட்டு அவிஸின் கொல்லைக் கதவைத் தட்டினார்கள். அவளும் திறந்தாள். திறந்ததோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஹம்ஃப்ரி காய்ச்சினதைக் குடிங்கய்யா. மோட்சம் நிச்சயம். அதுவும் இன்னிக்கே போயிடலாம்" என்றாள். அன்று மாலைக்குள் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

ஹம்ஃப்ரி சிரிக்கவில்லை. அவிஸ் கள்ளில் தண்ணீர் கலக்கிறாள் என்று பேச்சைக் கிளப்பினான். பிறகு ஓவியனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான்.

படத்தை மூடியிருந்த திரைச்சீலையை அவிழ்த்த ஞாயிற்றுக்கிழமை ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. நடுவில் வானவில் மேல் ஆண்டவர். இடப்பக்கம் மோட்ச வாசல், அங்கே அப்போஸ்தலர் பக்கத்தில் கை கூப்பி நிற்பது ஹம்ஃப்ரியேதான், தொப்பை மட்டும் குறைவு. வலப்பக்கம் நரகத்தின் வாய். அதற்குள் ஒரு பேய் தோளில் தூக்கிப் போகிற கள்ளுக்கடைக்காரியின் கையில் குடம், முகத்தில் அவிஸின் வளைந்த மூக்கு, அவிஸின் பிளந்த மோவாய். யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பியர்ஸின் சட்டையைப் பிடித்தாள்.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என்னைய நரகத்துல வெச்சியா, பாவி?"

"கூலி குடுக்கறவன் சொன்னான்க்கா. நான் என்ன செய்ய?" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல். "மோட்சப் பக்கம் நல்லாப் பாருங்க. தேவதூதன் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போற பொண்ணு யாருன்னு பாருங்க. உங்க கண்ணையும் அவ மேலதான் திருப்பி வெச்சிருக்கேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அது செசிலி. பதினேழு வயதில் எப்படி இருந்தாளோ அப்படியே.

அடுத்த கோடையில் வியர்வைக் காய்ச்சல் வந்தது. காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்த செசிலி மறுநாள் மண்ணுக்குள் போனாள். ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் படம் ஏது? அவள் முகம் இருந்த ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

அதிலிருந்து இருபது வருஷம் அவிஸ் நரகத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால்தான் தூண் மறைக்காமல் மோட்ச வாசல் முழுதாகத் தெரியும். ஊரில் பிறந்த பிள்ளைகளெல்லாம் பேசக் கற்றதும் அவளை "நரகத்துக்காரி" என்று கூப்பிடக் கற்றன. அவள் கள்ளில் ஒரு நாளும் தண்ணீர் கலந்ததில்லை. யாரிடம் போய் அதைச் சொல்வது? தன் முகம் உதிர்ந்து போகட்டும் என்று தினமும் வேண்டினாள். மகள் முகத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அதே மூச்சில் வேண்டினாள்.

பழைய ராஜா செத்து, அவருடைய சின்னப் பையன் பட்டத்துக்கு வந்த பிறகு, படத்தைக் கும்பிடுவது பாவம் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. கோயிலில் சிலை, படம் எதுவும் இருக்கக் கூடாது, சுவரெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். பெண்கள் அழுதார்கள். மோட்சத்தில் நின்ற ஹம்ஃப்ரிக்கும் முகம் தொங்கிப்போனது. அவிஸுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் உறைத்தது, வெள்ளையடிக்கிறவனுக்கு மோட்சமும் ஒன்றுதான், நரகமும் ஒன்றுதான் என்று.

ஹம்ஃப்ரியிடம் ஓடினாள்.

"அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுட முடியாதா, ஹம்ஃப்ரி? உன் மூஞ்சியும் அங்கதான இருக்கு."

"உத்தரவு உத்தரவுதான். விசாரிக்க ஆள் வருவாங்க" என்றான். "கொத்தனுக்குக் கூலி வேற அழணும். எல்லாம் என் தலையில."

"கொத்தன் எதுக்கு? நான் அடிக்கறேன். கூலி வேண்டாம்."

ஹம்ஃப்ரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உன் மூஞ்சிய நீயே அழிச்சுக்கணும்னு ஆசையா? சரி, அடி. ஆனா ஒண்ணு, கள்ளு மாதிரி சுண்ணாம்புலயும் தண்ணியக் கலந்துடாத."

கருமித்தனம் அவனை ஒப்புக்கொள்ள வைத்தது. அவள் மனதில் ஓடியது அவனுக்குத் தெரியாது. அவன் செய்யாதே என்றதைத்தான் அவள் செய்யப் போகிறாள். கள் காய்ச்சுகிறவளின் கணக்கு அது. தண்ணீர் கலந்தது நீர்த்துப்போகும், நிற்காது. கலக்காதது நிற்கும். மோட்சத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு, நரகத்துக்குக் கெட்டிச் சுண்ணாம்பு. செசிலி தெரிய வேண்டுமென்றால் ஹம்ஃப்ரியும் தெரிவான். தெரிந்து தொலையட்டும்.

முதலில் மோட்சப் பக்கம் ஏணியைச் சாத்தி ஏறினாள். பன்றி மயிர் மட்டையைத் தண்ணீர்போல் ஓடுகிற சுண்ணாம்பில் தோய்த்து மகளின் முகத்தின் மேல் மெல்ல இழுத்தாள். ஈரத்துக்குள் முகம் பளிச்சென்று இருந்தது, மழையில் நனைந்தவள் மாதிரி. அவிஸ் ஏணியில் நின்றபடியே சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. பிறகு மறுபக்கம் போய், தயிர்போல் கெட்டியான சுண்ணாம்பை அள்ளித் தன் முகத்தில் அப்பினாள். மூக்கு, மோவாய், குடம், பேய் எதையும் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தாள். நரகம் வெளுத்திருந்தது. மோட்சமும் வெளுத்திருந்தது. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கண்ணாடி, காய்ந்தால் பால். வீட்டுக்கு ஒரு தடவையாவது வெள்ளையடித்தவர்களுக்குத் தெரியும். அவிஸின் வீடு புகையேறிக் கறுத்த வீடு, அது சுண்ணாம்பையே கண்டதில்லை. ஈரத் துணியை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது. வெறும் சுவர். தன் கையாலேயே மகளை இரண்டாவது முறை புதைத்துவிட்டாள்.

குளிர்காலம் போனது. வசந்தத்தில் ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே, அவிஸின் மடியில் தட்டுத் தட்டாக ஏதோ விழுந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. தடியாக அப்பிய சுண்ணாம்பு வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. குடம் வெளியே வந்திருந்தது. பேயின் ஒரு கொம்பும், அவிஸின் முகம் முழுதும் வெளியே வந்திருந்தன. மோட்சப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

பூசை முடிந்ததும் ஹம்ஃப்ரி கொத்தனை அழைத்து வந்தான். கொத்தன் பார்த்துவிட்டு, இவ்வளவு தடியாக அடித்தால் நிற்குமா என்று முனகினான். ஹம்ஃப்ரிக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆயுசுல ஒரே ஒரு தடவ தண்ணி கலக்காம ஒரு வேலை செஞ்ச, அவிஸ். அதுவும் நிக்கல பாரு."

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த அவளுடைய கண்கள் இடப்பக்கம் சாய்ந்து வெற்று வெள்ளையில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பியர்ஸ் திருப்பி வைத்த கண்கள். அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டே போனால் எந்த இடம் என்று தெரிந்தது.

கொத்தன் வாளியில் தண்ணீரை ஊற்றிக் கலக்கினான்.

"வேண்டாம்" என்றாள் அவிஸ். "அது இருக்கட்டும்."

"இருபது வருஷமா இத அழிக்கணும்னு அலைஞ்சவ நீதான?" என்றான் ஹம்ஃப்ரி.

"நரகத்துல நான் இருந்துட்டுப் போறேன், ஹம்ஃப்ரி. அங்கேருந்து பாத்தாத்தான் என் மக எங்க இருக்கான்னு தெரியுது."

ஹம்ஃப்ரியின் சிரிப்பு நின்றது. ஒரு நிமிஷம் அவன் மனிதனைப் போலத்தான் நின்றான். பிறகு, "விசாரிக்க வர்றவங்களுக்கு நானில்ல பதில் சொல்லணும்" என்று சொல்லிக் கொத்தனுக்குக் கை காட்டினான். கொத்தன் மெல்லிசாக ஒரு பூச்சு அடித்தான். காய்ந்ததும் இன்னொன்று அடித்தான். அது இன்றுவரை உதிரவில்லை.

அதன் பிறகும் அவிஸ் அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள். பிரசங்கம் முழுக்கக் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, வளைவுக்கு மேலே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டாள். பின் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

"அப்படியே இருக்கா பாரு. சுவத்துலேருந்தவ இறங்கி வந்து உக்காந்துட்டா."