ஏணிக்காரனின் நாடி

என் மனைவி நர்ஸ் பள்ளியில் டிரில் டீச்சர். கூடைப்பந்து என்றால் என்னவென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாத காலத்தில், ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவள் அவள்தான். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அழுக்குத்துணி போடும் பிரம்புக் கூடைகள் இரண்டை இரவல் வாங்கி, பள்ளி ஹாலின் இரு முனையிலும் பத்தடி உயரத்தில் கட்டினாள். தரையில் குறுக்கே இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு ஹாலை மூன்று பங்காக்கினாள். அவரவர் பங்குக்குள்தான் ஓட வேண்டும். கோட்டைத் தாண்டினால் விசில். அதில் மட்டும் ஈவிரக்கமே பார்க்கமாட்டாள்.

கூடைக்கு அடி இருந்தது. பந்து உள்ளே விழுந்தால் அங்கேயே சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். ஏறி எடுக்க ஓர் ஆள் வேண்டும். நான் தையல்காரன், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. என்னைவிட இளிச்சவாயன் எங்கே கிடைப்பான்? ஏணியும் ஒன்றே ஒன்றுதான். அதை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக்கொண்டு அலைவேன்.

"அடியை வெட்டித் தொலையேன்" என்று நூறு தடவை கெஞ்சியிருக்கிறேன்.

"இரவல் கூடைங்க. வாங்கின மாதிரியே தரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்பாள்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. அப்போதுதான் புதுப் பெரிய டாக்டர் வந்தார். ஓடினால் பெண்களின் இதயம் தாங்காது என்பது அவருடைய முடிவு. ஒரு ஆட்டத்தை நேரில் பார்க்க வந்தவர், வாசலிலேயே சொல்லிவிட்டார்: "யாராவது ஒருத்தர் மயங்கி விழுந்தாலும் ஹாலைப் பூட்டிடுவேன், டீச்சரம்மா."

அவர் வரப்போகிறார் என்று அன்று காலையிலிருந்தே அவள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை.

பெண்கள் வெறிகொண்டு ஆடினார்கள். டாக்டருக்குக் காட்ட வேண்டுமென்று அதுவரை போடாத அளவுக்குப் பந்து போட்டார்கள். அவர்கள் போடப் போட நான் ஏறினேன், இறங்கினேன், ஏணியை இழுத்தேன். இருபத்தாறு வரை எண்ணினேன். இருபத்தேழாவதற்குக் காலை வைத்தபோது ஹாலே சுற்றியது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். எதிர் முனையில் நின்றிருந்த என் மனைவி என் தலையை மடியில் வைத்திருந்தாள். அணித்தலைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நாடி நூத்தி அறுபது, டாக்டர்" என்றாள்.

என் மனைவியின் மூன்று வருட உழைப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று மனசு வெந்தது. "மயக்கமெல்லாம் இல்ல, கால் வழுக்கிடுச்சு" என்று புளுகினேன்.

"யாராவது ஒருத்தர்னு சொன்னேன், இல்ல?" என்றார் டாக்டர்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பூட்டிக்கோங்க டாக்டர். முதல்ல இவரைப் பாருங்க."

டாக்டர் குனிந்து என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு எழுந்து, பதினெட்டுப் பெண்களின் கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஓடினவங்க எல்லாரும் கல்லு மாதிரி நிக்கிறாங்க. தையல் மிஷின் முன்னால உக்காந்தே பொழுதைக் கழிக்கிறவர்தான் விழுந்திருக்காரு. இவரையும் சேத்துக்கிட்டு ஓட வைங்க, டீச்சரம்மா. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்பாடா! அந்த ஒரு வார்த்தைக்கு இன்னொரு தடவைகூட விழுந்திருப்பேன்.

"டீச்சர், நீங்க ரெண்டு கோட்டையும் தாண்டி ஓடி வந்தீங்க" என்றாள் அணித்தலைவி. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிலை எடுத்துத் தனக்குத்தானே ஊதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு என் கத்தரிக்கோலை அவளே எடுத்து வந்தாள். "சலவைக்கூடத்து அம்மாகிட்ட நான் திட்டு வாங்கிக்கிறேன். வெட்டுங்க" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கூடையின் அடியையும் வெட்டி எறிந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து கூடைக்குள் போய், கீழே விழுந்து உருண்டது. அதைத் தொட ஆளில்லை. பதினெட்டுப் பேரும் பழக்கதோஷத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அங்க என்ன பார்வை? அவர் இனிமே ஏறமாட்டாரு. பந்தை எடுங்க!" என்று கத்தினாள் என் மனைவி.